‘பாக்கலாம்’ என்று வரும் ஸ்கேன்: முற்றிய புற்றுநோயுள்ள அப்பா அம்மாவுக்குத் துணையிருப்பது எப்படி

முற்றிய புற்றுநோய்க்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது வழக்கம். கட்டி குறைந்தது என்றோ கூடியது என்றோ வந்தால் அடுத்து என்ன செய்வதென்று யாருக்கும் குழப்பமில்லை. இரண்டுமில்லாமல், “சின்னதா ஒண்ணு தெரியுது, என்னன்னு இப்ப சொல்ல முடியாது, அடுத்த ஸ்கேன்ல பாக்கலாம்” என்று வரும் ரிப்போர்ட்தான் வீட்டில் தூக்கத்தைக் கெடுக்கும். அப்படி வரும் நாளுக்கும், அதற்குப் பின் வரும் எட்டு வாரத்துக்கும் இந்தக் குறிப்பு.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். “பாக்கலாம்” என்ற ஒற்றைச் சொல்லோடு டாக்டர் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. எதைப் பார்க்கப் போகிறார்கள், எப்போது, அதுவரை மருந்து என்ன, எது வந்தால் காத்திருக்கக் கூடாது என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும்.

பாதிக் குழப்பம் நம் கையில் உண்டாவது

ரிப்போர்ட்டின் மேற்பகுதியில் எதோடு ஒப்பிட்டார்கள் என்று ஒரு வரி இருக்கும். அங்கே ‘பழைய ஸ்கேன் இல்லை’ என்று இருந்தால், கீழே எழுதியிருக்கிற எல்லாவற்றின் மதிப்பும் பாதியாகிவிடும். நுரையீரலில் 6 மி.மீ. புள்ளி ஒன்று இரண்டு வருடமாக அப்படியே கிடக்கிறதா, போன மாதம் முளைத்ததா என்று பழைய படம் இல்லாமல் எந்த ரேடியாலஜிஸ்ட்டாலும் (ஸ்கேன் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்) சொல்ல முடியாது.

அதனால் பழைய ஸ்கேன் பதிந்த சிடித் தகட்டை ஸ்கேன் சென்டரில் பதிவு போடும்போதே கவுன்டரில் கொடுங்கள். ரிப்போர்ட் எழுதி முடித்தபின் கொடுத்தால் யாரும் திரும்பப் பார்ப்பது அரிது. ஃபிலிம் மட்டும் போதாது. ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். சிடியில் முழு ஸ்கேனும் இருக்கும், அதில்தான் கம்ப்யூட்டரில் அளந்து பார்க்க முடியும். சிடி கீறிவிடும், நாளாக ஆகத் திறக்காது. வாங்கிய வாரமே பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஃபிலிம் கவரைக் கார் பின்கண்ணாடியிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணிலோ போட்டால் நம் ஊர் சித்திரை வெயிலுக்குக் கறுத்துப்போகும். துணி பீரோதான் அதற்கு இடம்.

இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. வைத்தியம் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்திலோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ, ஸ்கேன் மட்டும் பாளையங்கோட்டையில், அடுத்த ஸ்கேன் மதுரையில் என்று அலைவது. பயணமும் செலவும் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெஷின் மாறினால், படத்தின் துண்டுகளின் பருமன் மாறினால், அளவும் சில மி.மீ. மாறும். பெட்-சி.டி. ஸ்கேனில் வரும் எஸ்.யு.வி. எண்ணை (ஓரிடம் ஏற்றிய மருந்தை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் அளவு) ஒரு சென்டரிலிருந்து இன்னொரு சென்டருக்கு நேராக ஒப்பிடவே கூடாது. முடிந்த மட்டும் ஒரே இடம், ஒரே மெஷின். முடியாவிட்டால் பழைய சிடி கூடவே போக வேண்டும். ஒப்பிடாமல் ரிப்போர்ட் வந்துவிட்டதா? சிடியை எடுத்துக்கொண்டு போய், ஒப்பிட்டு ஒரு கூடுதல் ரிப்போர்ட் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது செய்யக்கூடிய வேலைதான், கேட்பவர்கள்தான் குறைவு.

இன்னொன்று, விண்ணப்பத்தோடு கொடுக்கும் குறிப்பு. ஒரு தாளில் இவற்றைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள்: கடைசி கீமோ, கடைசி ரேடியேஷன் (எந்த இடத்தில்), வெள்ளையணு ஏற்றப் போட்ட ஊசி, சமீபத்துத் தடுப்பூசி (எந்தக் கை), காய்ச்சல், சளி, பல் பிடுங்கியது, கீழே விழுந்தது, மூட்டு வலி. குளத்துப் படியில் வழுக்கி விழுந்து விலா எலும்பில் கீறல் விட்டிருந்தால் பெட் ஸ்கேன் படத்தில் அந்த இடம் பளிச்சென்று எரிவது போலத் தெரியும். விழுந்த கதை தெரியாத டாக்டர் அதை எலும்புக்குப் பரவியதோ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். தடுப்பூசி போட்ட பக்கத்து அக்குள் நெறி வீங்கித் தெரிவதும், வெள்ளையணு ஊசிக்குப் பின் எலும்பு மஜ்ஜை முழுக்க எரிவதும் இதே வகை.

பெட் ஸ்கேனுக்கு முதல் நாள்

பெட் ஸ்கேனில் ஏற்றுவது கதிர்வீச்சு கலந்த சர்க்கரை. உடம்பில் எது சர்க்கரையை இழுக்கிறதோ அது எரியும். கட்டி மட்டுமல்ல, வேலை செய்த தசையும் இழுக்கும், புண்ணும் இழுக்கும். அதனால் முதல் நாள் வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போகக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. பீடி சுற்றும் அம்மாவாக இருந்தால் அன்றைக்குத் தட்டைத் தொடவேண்டாம் என்று சொல்லுங்கள். வெற்றிலை போடுகிறவர் என்றால் காலையிலிருந்து அதுவும் வேண்டாம். தாடைத் தசை எரிந்தால் தலை-கழுத்துப் புற்றுநோயில் படம் குழம்பும். ஊசி போட்டபின் 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் பேசாமல், நடக்காமல் படுத்திருக்க வேண்டும். ஏ.சி. அறையில் நடுங்கினாலும் தசையும் கழுத்துப் பக்கத்துக் கொழுப்பும் எரியும். ஒரு கனமான போர்வை கையோடு கொண்டு போங்கள். நம் ஊர் ஆட்கள் மறப்பது இதைத்தான்.

குறைந்தது 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். தண்ணீர் என்றால் தண்ணீர். கருப்பட்டிக் காப்பியும் சாப்பாட்டுக் கணக்குதான், சீனி போடாத டீயும் வேண்டாம். முந்தின நாள் ராத்திரி இட்லி, தோசை, சோறு குறைத்து முட்டை, மீன், காய் என்று சாப்பிடச் சில சென்டர்களில் சொல்வார்கள். ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சர்க்கரை கூடியிருக்கிறதே என்று வாசலில் வைத்து இன்சுலின் போட்டுவிடாதீர்கள். இன்சுலின் சர்க்கரையைத் தசைக்குள் தள்ளும், கட்டி மங்கும், படம் வீண். சர்க்கரை நோயுள்ளவர் என்றால் இரண்டு நாள் முன்பே சென்டருக்குப் போன் போட்டு, மாத்திரை, இன்சுலின் என்ன செய்ய என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்றிய மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அன்று சாயங்காலம் வரை பேரப்பிள்ளையை மடியில் வைக்க வேண்டாம், கர்ப்பிணிகள் சற்றுத் தள்ளியிருக்கட்டும். மறுநாள் ஒரு தடையும் இல்லை.

சாதாரண சி.டி. ஸ்கேனுக்கு வேலை குறைவு. சாய மருந்து ஏற்றுவதால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்திருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உண்டென்றால், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுக்கிறார் என்றால் முன்னமே சொல்ல வேண்டும். நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவருக்குச் சாய ஊசி ஆகாது என்று கடலோர ஊர்களில் ஒரு பேச்சு உண்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை. முன்பு சாய ஊசியே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட்டை யார் முதலில் திறப்பது

இதை ஸ்கேனுக்கு முன் முடிவு செய்யுங்கள். இப்போது ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது, டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று நாள் இருக்கும். அந்த மூன்று நாளும் கூகுளோடு கழியும். எங்கள் அபிப்பிராயம், டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் ஸ்கேன் என்று தேதியை அமைக்க முடிந்தால் அமையுங்கள். முடியாவிட்டால் ரிப்போர்ட்டைக் கவரில் தரச் சொல்லி, டாக்டர் முன் பிரியுங்கள். அந்த அளவுக்கு மனக்கட்டு எல்லோருக்கும் வாய்க்காது என்பதும் தெரியும். திறக்கத்தான் போகிறீர்கள் என்றால், திறப்பவர் ஒருவர். குடும்ப குரூப்பில் பி.டி.எஃப். போகக் கூடாது. மும்பையில் இருக்கும் தம்பிக்கும் துபாயில் இருக்கும் அத்தானுக்கும் டாக்டரைப் பார்த்தபின் நாலு வரியில் சொன்னால் போதும்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று நம்பி மேசையில் கவரைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எட்டாம் கிளாஸ் படிக்கும் பேரன் இருக்கிற வீட்டில் அது நடக்காது. “ஏல, இதுல என்ன போட்டிருக்கு, வாசி பாப்போம்” என்று அம்மா கேட்டால் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்துவிடும். மோசமான செய்தியைக் குழந்தை வாயால் கேட்க வைப்பது இருவருக்கும் கொடுமை.

அதில் என்ன எழுதியிருக்கும்

கடைசியில் இருக்கும் ‘இம்ப்ரெஷன்’ பகுதியை முதலில் வாசியுங்கள். மேலே பக்கம் பக்கமாக இருப்பதில் பித்தப்பைக் கல், முதுகெலும்புத் தேய்மானம், புரோஸ்டேட் வீக்கம் எல்லாம் வரும்; அறுபது வயதைத் தாண்டிய எவரை ஸ்கேன் செய்தாலும் இப்படிச் சில கிடைக்கும்.

‘ஸ்டேபிள் டிசீஸ்’ என்றால் நோய் போய்விட்டது என்று பொருளில்லை, நிற்கிறது என்று பொருள். முற்றிய நோயில் நிற்பது நல்ல சேதி. ‘இன்டிடெர்மினேட்’ என்றால் இன்னதென்று சொல்ல முடியவில்லை. ‘நான்-ஸ்பெசிஃபிக்’ என்றால் பல காரணத்தால் வரக்கூடியது. ‘டூ ஸ்மால் டு கேரக்டரைஸ்’ என்றால் தரம்பிரிக்க முடியாத அளவுக்குச் சின்னது. ‘மிக்ஸ்டு ரெஸ்பான்ஸ்’ என்றால் ஓரிடத்தில் குறைந்து இன்னோரிடத்தில் கூடியிருக்கிறது. ‘கோரிலேட் கிளினிக்கலி’ என்பதை ஏதோ பயங்கரமான நோய்ப் பெயர் என்று நினைத்து அழுகிறவர்கள் உண்டு. ஆளையும் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று ரேடியாலஜிஸ்ட் டாக்டருக்கு எழுதும் குறிப்பு அது, அவ்வளவுதான்.

கூடியதா குறைந்ததா என்று டாக்டர்கள் கண்ணளவில் சொல்வதில்லை. ரெசிஸ்ட் என்ற அளவுமுறை உண்டு. இப்போது பெரும்பாலும் பின்பற்றுவது 2009-ல் வந்த 1.1 பதிப்பு. அதிகபட்சம் 5 கட்டிகளைத் தேர்ந்தெடுத்து நீளங்களைக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகை 30 சதவீதமாவது குறைந்தால்தான் ‘குறைந்தது’. 20 சதவீதமாவது கூடி, அந்தக் கூடுதல் 5 மி.மீ.யாவது இருந்தால்தான் ‘கூடியது’. சந்தேகமில்லாமல் புதிய கட்டி வந்திருந்தாலும் கூடியதாகவே கணக்கு. இடையில் இருப்பதெல்லாம் ‘ஸ்டேபிள்’. கூட்டுத்தொகை போன தடவை 62 மி.மீ., இந்தத் தடவை 68 என்றால் சுமார் 10 சதவீதம்தான். அளப்பதில் வரும் வித்தியாசத்துக்கும் மூச்சை இழுத்த ஆழத்துக்கும் இதில் பங்குண்டு.

வீட்டில் சண்டை வரும் கணக்கு வேறு ஒன்று. தொடக்கத்தில் 80, மருந்துக்குப் பின் 62, இப்போது 76. “ஆரம்பத்துல 80 இருந்துச்சே, இப்பவும் அதவிட கம்மிதான, எதுக்கு மருந்த மாத்துதாவ?” என்று கேட்பார்கள். கூடியதா என்று பார்க்க ஒப்பிட வேண்டியது தொடக்கத்தோடு அல்ல, இதுவரை எட்டிய மிகக் குறைந்த அளவோடு. 62-லிருந்து 76 என்பது 14 மி.மீ., சுமார் 23 சதவீதம். மருந்துக்குக் கட்டி பழகிவிட்டது என்பதற்கு அடையாளம்.

ஏன் தெளிவாகத் தெரிவதில்லை

டாக்டர் மழுப்புகிறார் என்று சந்தேகப்படுவதற்கு முன் இந்தக் காரணங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

8 மி.மீ.க்குக் குறைந்த புள்ளி பெட் ஸ்கேனில் சரியாக எரியாது, ஊசியால் சதை எடுப்பதும் கடினம். “அப்ப உடனே பெட் எடுக்கலாமே” என்ற கேள்விக்குப் பதில் இதுதான். நுரையீரலுக்கோ மார்புக்கோ ரேடியேஷன் கொடுத்திருந்தால் ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்தப் பகுதியில் நிழல் விழும். கட்டியா, ரேடியேஷன் புண்ணா என்பது தெரியாது. மூளைக்குக் குவித்துக் கொடுத்த ரேடியேஷனுக்குப் பின்னும் இதே குழப்பம், மாதங்கள் கழித்துக்கூட வரும். எலும்பில் பரவிய நோய் ஆறும்போது அந்த இடம் சுண்ணாம்பு பிடித்து வெள்ளையாகும். முன்பு கண்ணுக்குத் தெரியாமல் இருந்த இடம் இப்போது வெள்ளையாகத் தெரிந்தால் புதிதாக வந்தது போலத் தோன்றும். புரோஸ்டேட் புற்றுநோயில் மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் எலும்பு ஸ்கேன் இப்படி ஏமாற்றுவது பழைய கதை. அதனால்தான் இன்னொரு ஸ்கேன் எடுத்து உறுதி செய்கிறார்கள்.

நம் நாட்டுக்கே உரிய காரணம் காசநோய். நெஞ்சிலும் கழுத்திலும் உள்ள நெறிகள் காசநோயாலும் எரியும். கீமோவில் எதிர்ப்புசக்தி குறைந்தவருக்குப் பழைய காசநோய் கிளம்பவும் செய்யும். குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புசக்தியையே கட்டிமேல் ஏவும் மருந்து) ஓடுகிறது என்றால் ஒன்று கூடுதல். நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டிக்குள் போய்க் குவிவதால் முதலில் பெரிதாகத் தெரிந்து பிறகு சுருங்குவதுண்டு. அதை உறுதிசெய்ய 4 முதல் 8 வாரத்தில் மறு ஸ்கேன் எடுப்பார்கள். ஆனால் இது பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கிறது. ஆள் மெலிந்து வலி கூடிக்கொண்டே போகும்போது இதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ரத்தத்தில் பார்க்கும் மார்க்கர் எண்களும் (புற்றுநோய் இருந்தால் கூடக்கூடிய பொருட்களின் அளவு; சி.ஏ. 19-9, சி.இ.ஏ. போன்றவை) தனியாக எதையும் தீர்க்காது. பித்தக்குழாய் அடைத்தாலே சி.ஏ. 19-9 எகிறும். புகைப்பவருக்கு சி.இ.ஏ. சற்றுக் கூடித்தான் இருக்கும். ஒரே லேபில், மூன்று நான்கு தடவை எடுத்த எண்களை வரிசையாக எழுதி, போக்கைப் பாருங்கள்.

ஒரு வார்த்தை நாட்டு மருந்து பற்றி. சித்த மருந்து எடுப்பதென்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி போலப் படித்தவர்கள் இருக்கும் இடத்தில் எடுங்கள், புற்றுநோய் டாக்டருக்கும் சொல்லுங்கள். பேர் தெரியாத பொடியை ரகசியமாகக் கொடுத்து, கல்லீரல் அளவுகள் ஏறினால், அது நோயாலா கீமோவாலா பொடியாலா என்று யாராலும் பிரிக்க முடியாது. ஏற்கெனவே குழம்பிய ரிப்போர்ட்டில் இன்னொரு குழப்பம்.

டாக்டர் அறையில்

கிடைப்பது பத்து நிமிடம். இரண்டு பேர் போங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. டாக்டர் சம்மதித்தால் போனில் பதிவு செய்யலாம். கேட்க வேண்டியவை:

1. சந்தேகப்படும் இடம் எது, எத்தனை மி.மீ., போன ஸ்கேனில் அந்த இடம் எப்படி இருந்தது?
2. இது என்னவாக இருக்கலாம், எதற்கு வாய்ப்பு அதிகம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?
3. சதை எடுத்துப் பார்க்க முடியுமா? முடியாதென்றால் காரணம் இடமா, அளவா, அவருடைய உடல்நிலையா?
4. இப்போதே தெரிந்தால் மருந்து மாறுமா?
5. அடுத்த ஸ்கேன் எந்த வாரம்? அதுவரை இதே மருந்தா?
6. என்ன வந்தால் அந்தத் தேதிவரை காத்திருக்கக் கூடாது?

நாலாவது கேள்விதான் முக்கியமானது. விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அடுத்த எட்டு வாரம் அதே மருந்துதான் என்றால், இப்போது அலைந்து எடுக்கும் கூடுதல் ஸ்கேனால் அப்பாவுக்கு ஊசிக் குத்துதான் மிச்சம். மாறும் என்றால் காத்திருக்காமல் பார்த்துவிடுவது நியாயம்.

சந்தேகம் பெரிதாக இருந்தால் டியூமர் போர்டில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்; பல துறை டாக்டர்கள் கூடி ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் கூட்டம் அது. வேறொரு டாக்டரின் கருத்து கேட்பதிலும் தவறில்லை. அங்கே ரிப்போர்ட்டோடு சிடியும், சதை எடுத்துப் பார்த்த பயாப்ஸி ஸ்லைடும் போக வேண்டும்.

அம்மாவிடம் என்ன சொல்ல

எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேளுங்கள், அதுவும் ஸ்கேனுக்கு முன்னாலேயே. “அம்மா, டாக்டர் சொல்லுதத நீயும் உக்காந்து முழுசா கேக்கியா, இல்ல நான் கேட்டுட்டு வந்து சுருக்கமா சொல்லட்டா?” அப்பாவிடம் என்றால், “அப்பா, எல்லாத்தையும் உங்ககிட்டயே பேசச் சொல்லட்டா, இல்ல அண்ணன்கிட்ட சொன்னா போதுமா?” சிலர், “எனக்கு ஒண்ணும் சொல்லாண்டாம், நீங்க பாத்துக்கிடுங்க” என்பார்கள். அதுவும் ஒரு பதில்தான், மதியுங்கள். ஆனால் அடுத்த ஸ்கேனுக்கு முன் மறுபடியும் கேளுங்கள், மனம் மாறியிருக்கும்.

நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. எல்லோரும் சேர்ந்து மறைப்பது. “ஒண்ணுமில்லம்மா, எல்லாம் சரியாயிட்டு” என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் புது மருந்து ஏற்றினால், அம்மாவுக்குக் கணக்குப் போடத் தெரியாதா? அதற்குப்பின் உண்மையிலேயே நல்ல ரிப்போர்ட் வந்தாலும் நம்பமாட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் பொய்யும் இல்லை, பயமுறுத்தலும் இல்லை. இப்படிச் சொல்லலாம்:

“அம்மா, ஸ்கேன் வந்துட்டு. வயித்துல இருந்தது அப்படியேதான் இருக்கு, கூடல. நெஞ்சுல சின்னதா ஒண்ணு தெரியுதாம். அது சளியா, பழைய தழும்பா, இந்த நோயான்னு டாக்டருக்கே இப்ப சொல்ல முடியலையாம். ஆவணி கடைசில திரும்ப எடுத்தா தெரிஞ்சிரும்னு சொல்லுதாவ. அதுவர இதே மருந்துதான்.”

இதில் தெரிந்தது, தெரியாதது, தேதி, இப்போதைய வேலை நான்கும் இருக்கின்றன. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அவர் அழலாம், பேச்சை மாற்றலாம், “சரி, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?” என்று கேட்கலாம். உடனே “தைரியமா இரும்மா” என்று அணை போட வேண்டாம். அந்தச் சொல் பல நேரம், நான் பேச ஆரம்பித்தால் பிள்ளை தாங்காது என்று அவரை அடக்கிவிடுகிறது. “பயமா இருக்காம்மா?” என்று ஒரு கேள்வி போதும்.

“நான் பொழப்பனா?” என்று நேராகக் கேட்டுவிட்டால், பதிலுக்கு முன், “ஏம்மா திடீர்னு கேக்க, மனசுல என்ன ஓடுது?” என்று கேளுங்கள். சில நேரம் அவர் கேட்பது ஆயுளை அல்ல. பேத்தி சடங்குவரை நடமாட முடியுமா, வலி வருமா என்பதைத்தான்.

எட்டு வாரம்

ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை எழுதுங்கள்: எடை, வலி பத்துக்கு எத்தனை, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் படுக்கையில், எவ்வளவு சாப்பிட்டார். தினமும் எடை பார்த்து நச்சரிக்க வேண்டாம். ஸ்கேன் தெளிவில்லாதபோது டாக்டர் முடிவெடுக்க உதவுவது இந்த நோட்டுதான். படத்தில் ‘ஸ்டேபிள்’, ஆனால் இரண்டு மாதத்தில் 6 கிலோ குறைந்து பாதி நாள் படுக்கை என்றால் அதன் அர்த்தம் வேறு.

காத்திருக்கக் கூடாதவை இவை. கீமோ ஓடும்போது 100.4 டிகிரி காய்ச்சல். வீட்டில் பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்ப்பது ஆபத்து. முதுகுவலியோடு கால் மரத்துப்போவது, தளர்வது, சிறுநீர் மலம் அடங்காமல் போவது அல்லது வராமல் நிற்பது. தண்டுவடம் நெரிபடும்போது வரும் அறிகுறி, சில மணி நேரத் தாமதமும் நடையைப் பறித்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத்திணறல், முகமும் கழுத்தும் வீங்குவது, வலிப்பு, வாந்தியோடு புதுத் தலைவலி, கண் மஞ்சளாவது. அடங்காத தாகம், மலச்சிக்கல், பேச்சுத் தடுமாற்றம் மூன்றும் சேர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கலாம். இவற்றுக்கு 108-ஐக் கூப்பிட்டு, திருநெல்வேலி ஹைகிரவுண்ட் மருத்துவமனையோ பக்கத்துப் பெரிய மருத்துவமனையோ, எது விரைவோ அங்கே போய்விடுங்கள். வைத்தியம் பார்க்கும் ஊர் வெகுதூரம் என்பதற்காகக் காரில் ஆறு மணி நேரம் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியும் மருந்துச் சீட்டும் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

வலிக்கும் உறக்கத்துக்கும் மூச்சுக்கும் பார்க்கும் வலிநிவாரண சிகிச்சை கடைசி நாளுக்கானது என்ற எண்ணத்தை விடுங்கள். கீமோவோடு சேர்ந்தே நடக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

விசாரிக்க வருகிறவர்கள் தனிப் பிரச்சினை. “என் கொழுந்தியாளுக்கும் இப்படித்தான் சின்னதா ஒண்ணுன்னு சொன்னாவ, மூணே மாசம்...” என்று தொடங்குகிறவரை வாசலிலேயே காப்பி கொடுத்து உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டும். வீட்டு மருமகளைவிட, பேச்சை வெட்டத் தெரிந்த ஒரு பெரியப்பாவோ மைனியோ இதற்குப் பொருத்தம். சொல்வதற்கு எல்லோருக்கும் ஒரே வரி: “மருந்து ஓடுது, அடுத்த ஸ்கேன் ஆவணில.”

தெளிவில்லாத ரிப்போர்ட் வந்தவுடன் கல்யாணத்தை முன்னால் இழுக்கும் பேச்சு வீட்டில் எழும். ஊகத்தில் முடிவு செய்யாமல் டாக்டரிடமே கேளுங்கள்: “தை மாசம் கல்யாணம் வெச்சா அப்பா மணவறையில உக்கார முடியுமா, இல்ல முன்னாடியே வைக்கது நல்லதா?” என்று. எத்தனை நாள் என்று கேட்டால் மழுப்புகிற டாக்டர்கள்கூட இப்படிக் கேட்டால் பதில் சொல்வார்கள். அதுபோல ஸ்கேன் முடிவு வாங்கும் நாளைக் கோயில் கொடைக்கோ பொங்கலுக்கோ முந்தின நாள் வைக்காதீர்கள். கொடை கழித்து வாங்கலாமா என்று அம்மாவிடமே கேளுங்கள். நான்கைந்து நாள் தள்ளினால் பாதகமில்லையா என்று டாக்டரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு தள்ளுங்கள்.

பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்கும் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும். வாரத்தில் ஒரு ராத்திரியாவது வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். யாரிடமும் பேச முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

செலவும் பயணமும், சுருக்கமாக

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இந்த ஸ்கேன் அதில் வருமா என்று மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுன்டரில் ஸ்கேனுக்கு முன்னால் கேளுங்கள். பணம் கட்டியபின் கேட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. உதவி எண் 1800 425 3993. ரயிலில் சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுக்கச் சலுகை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். ரயில்வே படிவத்தில் மருத்துவமனை சான்று வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் போய் அன்றே திரும்புவதாகத் திட்டமிடாதீர்கள். ரிப்போர்ட் தாமதமானால் ஆள் தளர்ந்துவிடுவார், டாக்டரிடம் கேட்க வைத்திருந்த கேள்விகளும் அவசரத்தில் போய்விடும்.

டாக்டர் சொன்ன மறு ஸ்கேன் தேதியை நாள்காட்டியில் குறித்த கையோடு, அதற்கு ஒரு வாரம் முன்னால் ‘கிரியாட்டினின்’ என்று இன்னொரு குறி போடுங்கள். இந்தத் தடவை எடுத்த சிடியைப் பழைய சிடிகளோடு சேர்த்து இப்போதே பைக்குள் வைத்துவிடுங்கள். போர்வையையும்தான்.